சென்னை மக்கள்தொகை: 46 லட்சமா, 67 லட்சமா, 86 லட்சமா?

நகரியல் மாணவி:
2011 கணக்கெடுப்பை வைத்துச் சென்னையின் மக்கள் அடர்த்தியும் வளர்ச்சி வீதமும் கணக்கிட வேண்டும். ஓரிடத்தில் 46 லட்சம், இன்னோரிடத்தில் 67, வேறோரிடத்தில் 86 லட்சம் என்று இருக்கிறது. எதை எடுப்பது? பரப்பளவு 426 ச.கி.மீ. என்று போட்டால் அடர்த்தி 11,000கூட வரவில்லையே?

நிலவரை:
மூன்றும் சரிதான், எல்லைதான் வேறு. 46,46,732 என்பது பழைய மாநகராட்சி எல்லைக்குள் எண்ணியது; பரப்பு ஏறக்குறைய 175 ச.கி.மீ. கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகள் 2009 டிசம்பர் 31 நிலவரப்படி உறையவைக்கப்பட்டன. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் உட்பட 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி சென்னையோடு சேர்ந்தது 2011 அக்டோபரில். 426 ச.கி.மீ. அதன் பிறகு வந்த பரப்பு. அந்த 42 உள்ளாட்சிகளின் 2011 தொகையையும் கூட்டினால் சுமார் 67 லட்சம்.

நீங்கள் பழைய எல்லையின் மக்களைப் புதிய எல்லையின் நிலத்தால் வகுத்திருக்கிறீர்கள். பழையதைப் பழையதால் வகுத்தால் ச.கி.மீ.க்கு 26,553 பேர். புதியதைப் புதியதால் வகுத்தால் 15,700 வாக்கில் வரும். எந்த எல்லை என்று எழுதாத அடர்த்தி எண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

86 லட்சம் நகரத் திரளுக்கு உரியது: நடுவில் சட்டப்படியான (மாநகராட்சி, நகராட்சி போன்ற) ஒரு நகரம், அதை ஒட்டி இடைவெளியில்லாமல் பரந்த ஊர்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) திட்டப் பகுதி இவற்றிலும் சேராது. அது அப்போது 1,189 ச.கி.மீ., 2022இல் 5,904 ஆக்கப்பட்டது.

வரைபடப் பெட்டி:
வளர்ச்சி வீதத்தில் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. பழைய சென்னை 2001இல் 43.4 லட்சம், பத்தாண்டில் 7 சதவீதம்தான் கூடியது. நகரத் திரளோ 65.6 லட்சத்திலிருந்து 32 சதவீதம் போல ஏறியது. மையம் நிரம்பி, வளர்ச்சி விளிம்புக்குப் போய்விட்டது என்பது உண்மை. ஆனால் அந்த 32 முழுவதும் பிறப்பும் குடிபெயர்வும் அல்ல. 2001இல் திரளுக்கு வெளியே இருந்த ஊர்கள் 2011இல் உள்ளே வந்ததும் அதில் கலந்திருக்கிறது.

கேரளத்தைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். நகர மக்கள் 26 சதவீதத்திலிருந்து 47.7 சதவீதமாகத் தாவியதற்குப் பெருங்காரணம், சென்சஸ் டவுன்கள் 99இலிருந்து 461 ஆனது. 5,000 பேர், ச.கி.மீ.க்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்தவர்கள்) 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை: மூன்றும் பொருந்தினால் அந்த ஊர் கணக்கெடுப்பில் நகரம், அதாவது சென்சஸ் டவுன். ஆள்வது ஊராட்சியாகவே இருக்கலாம். பாதாளச் சாக்கடை, குப்பை அகற்றல் போன்றவற்றுக்கு நகராட்சிக்குள்ள பணமும் ஆட்களும் அங்கே வருவதில்லை. கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

நகரியல் மாணவி:
அப்படியானால் வளர்ச்சிக்கு எந்த எல்லை?

நிலவரை:
2011 திரளின் உறுப்பு ஊர்களைப் பட்டியலிடுங்கள். நகரங்களையும் திரள்களையும் பட்டியலிடும் கணக்கெடுப்பின் ஏ-4 அட்டவணையில் திரளின் பெயருக்குக் கீழே இருக்கும். அதே ஊர்களின் 2001 தொகையைத் தேடிக் கூட்டுங்கள். அன்று கிராமமாக இருந்தவை நகரப் பட்டியலில் கிடைக்காது, கிராமப் பட்டியலில் பாருங்கள். திரளின் மொத்தத்தையும் உறுப்புகளையும் ஒரே நிரலில் கூட்டினால் சென்னை இருமுறை எண்ணப்பட்டுவிடும்.