22.4 லிட்டர் கணக்குக்கு மேல் ஹைட்ரஜன் வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி (மேலூர்):
பதினொன்றாம் வகுப்புக்கு மோலார் பருமன் (ஒரு மோல் வாயு அடைக்கும் இடம்) சோதனை. மெக்னீசிய நாடா 0.036 கிராம், 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி., 50 மி.லி. வாயு அளவுக்குழாய். வாயுவை நீருக்கு மேல்தான் பிடித்தோம். 0.036-ஐ 24.3-ஆல் வகுத்தால் 0.00148 மோல். ஒரு மோல் மெக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் என்பதால், மோலுக்கு 22.4 லிட்டர் கணக்கில் 33.2 மி.லி. வர வேண்டும். குழாயில் 39.8 நிற்கிறது. அதே எடை எடுத்த இன்னொரு குழுவுக்கு 37.0. தண்ணீர் 34 டிகிரி. குழாய் கோளாறா?

பதில் (திருமங்கலம்):
குழாய் சரியாகத்தான் இருக்கிறது டீச்சர். 22.4 லிட்டர் என்பது 0 டிகிரிக்கும் 760 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கும் உரிய எண் (1 பார் அழுத்தம் என்று வைக்கும் புத்தகத்தில் 22.7). அதே 760-இல் 34 டிகிரிக்குப் போனாலே ஒரு மோல் வாயு 25.2 லிட்டர் ஆகிவிடும். போதாததற்கு, குழாய்க்குள் நீராவியும் கலந்திருக்கிறது. 34 டிகிரியில் அதன் அழுத்தம் 40 மி.மீ. பழைய மாதிரிக் கணக்குகளில் 20 டிகிரிக்கு உரிய 17.5 இருக்கும்; அதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள், நம் ஊர் வெக்கைக்கு அது ஒத்துவராது.

வளிமண்டல அழுத்தம் எங்கே பார்த்தீர்கள்? குழாய்க்குள்ளும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருந்ததா?

மேலூர்:
போனில் வானிலை பார்த்தேன், 1011 ஹெக்டோபாஸ்கல். மட்டம் சமமாக இல்லை சார், குழாய்க்குள் 8 செ.மீ. உயரமாக இருந்தது.

திருமங்கலம்:
போன் காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். மதுரைப் பக்கம் தரையே கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கு மேல். 100 மீட்டருக்குச் சுமார் 11 ஹெக்டோபாஸ்கல் கழியுங்கள். 1000, அதாவது 750 மி.மீ. அதில் நீராவிக்கு 40 போனால் 710. உள்ளே உயர்ந்து நிற்கும் 8 செ.மீ. நீருக்கு 80-ஐ 13.6-ஆல் வகுத்து இன்னும் 6 போனால் 704.

39.8 × (704/760) × (273/307) = 32.8 மி.லி. மோலால் வகுத்தால் 22.1 லிட்டர். மட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் 22.3 வரும்; பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தப்பு. மூன்று தசமத் தராசில் 0.001 கிராம் பிசகினாலே 3 சதவீதம் போகும் என்பதால் 22.1 நல்ல விடைதான்.

பதில் (உசிலம்பட்டி):
அந்த 37.0-க்கு என் யோசனை: நாடா வெள்ளிபோல மின்னியதா, சாம்பல் பூத்திருந்ததா? மேலே படியும் ஆக்சைடு அமிலத்தில் கரையும், ஆனால் ஹைட்ரஜன் தராது. எடையில் மட்டும் சேரும். உப்புத்தாள் போட்டு இருபுறமும் தேய்த்து, துடைத்த பிறகே எடை போடுங்கள். செம்புக் கம்பியில் கூண்டு மாதிரி சுற்றி வாய்ப்பக்கம் மாட்டுங்கள். கூண்டு தளர்ந்தால் துண்டு மிதந்து போய்க் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 7 சதவீதக் குறைவுக்கு இரண்டரை மி.மீ. துண்டு ஒட்டினால் போதும்.

எடைக்கு ஒரு வழி: 1 மீட்டர் நாடாவைத் தேய்த்து மொத்தமாக நிறுத்து, வேண்டிய நீளத்தை வெட்டுங்கள். மாடித் தொட்டித் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகப் பிடிக்காதீர்கள். முதல் நாளே வாளியில் பிடித்து ஆய்வகத்தில் வையுங்கள். வினை முடிந்ததும் குழாய் கைக்குச் சூடாக இருக்கும். 10 நிமிடம் விட்டு, உயரமான ஜாடியில் இறக்கி மட்டத்தைச் சமமாக்கி அளவு எடுங்கள்.

மேலூர்:
இரண்டாவது குழு தேய்க்கவே இல்லையாம். இன்று தேய்த்த நாடா மீட்டருக்கு 1.02 கிராம், 3.5 செ.மீ. வெட்டினோம். தண்ணீர் 33 டிகிரி, நீராவி 37.7, அழுத்தம் 750, மட்டம் சமம். 39.2 மி.லி. வந்தது. கணக்குப் போட்டால் 22.3 லிட்டர்.