புதுப்பிப்பு: பிரிஸ்பேன் வீட்டுத் தோட்டத்துக்கான மரங்கள்

பிரிஸ்பேனில் எங்கள் கொல்லைக் களிமண்ணுக்கு எந்தப் பழமரங்கள், கொட்டைமரங்கள் ஏற்றவை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கொட்டைக்கு மக்கடாமியாதான். இந்த வட்டாரத்திலேயே பிறந்த மரம் இருக்கும்போது, குளிர் போதாமல் ஏங்கும் வாதுமை எதற்கு? சீக்கிரம் காய்க்கும் என்பதால் ஒட்டுக்கன்றே வாங்கினேன்.

அவகாடோவில் ஹாஸ், ஃபுவர்ட்டே என்ற இரண்டு ரகங்களையும் நட்டேன். ஹாஸ் பூ காலையில் பெண்ணாக விரிந்து, மூடி, மறுநாள் பிற்பகலில் ஆணாக விரியும். ஃபுவர்ட்டே பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். அருகருகே இருந்தால் மகரந்தச் சேர்க்கை கூடும். என்ன அருமையான ஏற்பாடு! நீர் தேங்கினால் வேரழுகல் தாக்கும் என்பதால் மேடு கட்டித்தான் நட்டிருக்கிறேன்.

லிச்சிக்கு இடமில்லை. மா மட்டும் பாக்கி: மழைக்காலக் கரும்புள்ளி நோயைத் தாங்கும் ரகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.