கண் பார்த்தது, கை தள்ளிவிட்டது: ஓவர்டைம் நாட்களில் உங்கள் அனுபவம் என்ன?

செக்கிங் டேபிள், திருப்பூர்
6 வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துகிறது. ஷிப்மென்ட் நெருக்கடியில் 4 நாள் தொடர்ந்து ஒன்றரை ஷிஃப்ட், கடைசி நாள் விடிய விடிய. குழந்தைகள் டி-ஷர்ட். ராத்திரி 2 மணிக்கு ஒரு பீஸில் கழுத்துப் பட்டி ஓரம் தையல் விட்டு, சின்ன ஓட்டை. பார்த்தேன். விரலாலும் தடவினேன். ஆனால் கை அதை நல்ல பீஸ் அடுக்கில் வைத்துவிட்டது. இன்னும் இரண்டு பீஸ் பார்த்த பிறகுதான் உறைத்தது. திரும்பினால் அடுக்கு அயர்னுக்குப் போயிருந்தது.

கோன் வைண்டிங், வேடசந்தூர்
பாபினில் வரும் நூலைக் கோனில் சுற்றும் வேலை எனக்கு. மூன்றாம் ஷிஃப்டில் நடந்தது. 30-ஆம் கவுண்ட் நூல் ஓடும்போது, அதைவிட மெல்லிசான 34-ஆம் கவுண்ட் பாபினைக் கலந்துவிட்டேன். பாபின் நிறம் வேறு வேறுதான், நீலமும் பச்சையும். விடிகாலை மூன்றரைக்கு எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. கோனைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. துணியாகிச் சாயம் ஏறிய பிறகு வரி வரியாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு மாதம் கழித்து அந்தத் துணியை மேஜையில் விரித்து வைத்துக் கூப்பிட்டார்கள்.

லைன் சூப்பர்வைசர்
முதலில் எழுதிய தங்கச்சி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் அசதி மேல் போட முடியாது. என் லைனிலும் ஒருமுறை சைஸ் லேபிள் மாறிப்போச்சு; காரணம் அவசரம். நான் சொல்வதைச் செய்து பாருங்கள். டேபிளுக்கு நேர் மேலே லைட் வேண்டும். ஒரே ஆள் மணிக்கணக்காகக் கழுத்தையே பார்க்கக் கூடாது, ஆள் மாற்றி உட்காருங்கள். ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைக் குறையுங்கள். 10 மணிக்கு மேல் டீயை நம்பாதீர்கள், எழுந்து நாலு எட்டு நடந்து முகம் கழுவுங்கள். செல்போனைப் பையிலேயே வையுங்கள்.

சிஎன்சி (கம்ப்யூட்டர் வழி உலோகம் வெட்டும் மெஷின்), ஓசூர்
சூப்பர்வைசர் சார், முகம் கழுவினால் 16 மணி நேர அசதி போய்விடுமா? 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது எவ்வளவு எதிர்ப்பு! மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். ஆனால் அடுத்த ஷிஃப்டுக்கு மாற்ற வேண்டிய ஆள் வராத நாளில் நாங்கள் 16 மணி நேரம் நிற்கிறோம். அப்படி ஒரு ராத்திரி, மெஷினில் டூல் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் 0.02 போட வேண்டிய இடத்தில் 0.2 போட்டேன். வழக்கமாக 5 பீஸுக்கு ஒருமுறை அளப்பேன். அன்று 17 ஓடிய பிறகுதான் துளையின் அளவு பார்க்கும் பிளக் கேஜைக் கையில் எடுத்தேன். அதன் நோ-கோ பக்கம் துளைக்குள் போகவே கூடாது; போனால் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். தொளதொளவென்று இறங்கியது. அந்தச் சத்தமில்லாத வழுக்கல் இன்னும் விரலில் இருக்கிறது.

செக்கிங் டேபிள், திருப்பூர்
சூப்பர்வைசர் அண்ணா, எங்கள் டேபிளில் வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டையைப் பார்த்தேன் என்றுதானே எழுதியிருக்கிறேன். பார்த்ததற்கும் கை நகர்ந்ததற்கும் நடுவில்தான் ஏதோ அறுந்துபோச்சு.