1877-இல் வந்த கணக்குப் புத்தகத்தை வைத்து வீட்டில் பாடம் நடத்தலாமா?

மஞ்சக்குப்பம் அம்மா:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். நான் பி.காம். படித்தவள். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. போன வருடத்திலிருந்து இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். தமிழும் அறிவியலும் நன்றாகப் போகின்றன. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு நண்டு வளையைப் பார்த்துவிட்டால் பையன் அதைப் பற்றியே வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வருவான். கணக்கு மட்டும்தான் பிடிபடவில்லை.

கூட்டல், பெருக்கல் எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தால் சரியாகப் போடுகிறான். "மூணு வடை இருபது ரூபாய், பன்னிரண்டு வடை எவ்வளவு?" என்று வாயால் கேட்டால், "இது கூட்டல் கணக்கா, பெருக்கல் கணக்காம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். அதுதான் என் கவலை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் தேடியபோது ஜோசப் ரே என்ற அமெரிக்கரின் பழைய கணக்குப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. நான் இறக்கி வைத்திருப்பது 1877 பதிப்பு. ஆர்ப்பாட்டமே இல்லாமல் சின்னச் சின்னக் கேள்விகளாகப் போகிறது. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் புஷல், பெக், குவார்ட், சென்ட் என்று எல்லாம் அந்த ஊர் அளவு. பையனுக்கு ஆங்கிலம் இன்னும் எழுத்துக் கூட்டித்தான். மாமியார் வேறு, "அந்தக் காலத்து வெள்ளைக்காரன் புத்தகத்தை வெச்சிக்கிட்டு இந்தக் காலத்துப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லித் தரப்போற?" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

யாராவது இப்படி நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இது கைகொடுக்குமா, இடைஞ்சலாகுமா? அப்புறம், அத்தனை பக்கத்தையும் பிரிண்ட் எடுக்கத்தான் வேண்டுமா?

விருத்தாசலம் ஆசிரியர்:

அம்மா, நான் பள்ளியில் கணக்கு எடுப்பவன். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நம்முடையது தமிழிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புஷலைப் பிடிப்பானேன்? பின்னப் பாடத்துக்கு ஒரு வட்டத்தைக் கூறு போட்டுக் காட்டும் வண்ணப் படமே பாதி வேலையைச் செய்துவிடும். எண்கோடு, தரவுகள், வரைபடம் எல்லாம் இன்றைய நூல்களில் சின்ன வகுப்பிலேயே வந்துவிடுகின்றன.

பழைய நூல்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராமானுஜன் படித்த லோனியின் திரிகோணமிதி, ஹால் அண்டு நைட் இயற்கணிதம் இரண்டும் இன்றைக்கும் என் மேசையில் இருக்கின்றன, அவையும் இலவசம்தான். ஆனால் அவை ஒன்பதாம் வகுப்பு தாண்டியவர்களுக்கு. சின்னப் பிள்ளைக்கு இன்றைய நூலே போதும் என்பது என் எண்ணம்.

முத்தியால்பேட்டை பைண்டிங்:

சகோதரி, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பள்ளிக்கே போகாமல் வளர்ந்தவள், இப்போது பன்னிரண்டு வயது. கணக்கை ரே புத்தகத்தில்தான் தொடங்கினோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், புத்தகத்தைப் பையன் கையில் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இருக்க வேண்டியது. இன்றைய பாடநூல் பிள்ளை தானே பார்த்து நிரப்பும்படி வருகிறது. ரே காலத்துத் தொடக்கக் கணக்கில் பெரியவர் கேள்வியை வாசிப்பார், பிள்ளை வாயால் பதில் சொல்லும், கூடவே காரணமும் சொல்லும். எழுதுவது அப்புறம்தான். அமெரிக்காவில் இதற்கு வழி போட்டவர் வாரன் கோல்பர்ன். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாட்சி பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த முறையைப் பின்பற்றி, 1821-இல் மனக்கணக்குக்கென்று ஒரு புத்தகம் போட்டார். ரே வரிசையிலும் மனக்கணக்குக்குத் தனியாக ஒரு புத்தகம் உண்டு. உங்கள் பையனுக்கு நான் சொல்வது அதைத்தான். தாளில் சரியாகப் போடுகிறான் என்றால் பெருக்கல் அவனுக்குத் தெரியும். கேட்ட கேள்விக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம்தான் வர வேண்டும்.

உங்கள் வடைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "பன்னிரண்டு வடையில் மூன்று மூன்றாக நாலு கூறு. ஒரு கூறு இருபது ரூபாய். நாலு கூறு எண்பது ரூபாய்." இப்படி முழுசாகச் சொன்னால்தான் விடையை ஏற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே "எண்பது" என்றால், விடை சரியாகவே இருந்தாலும், எப்படி என்று கேளுங்கள். கூட்டலா பெருக்கலா என்ற கேள்வியே அங்கே எழாது, அவன் வாயிலிருந்து வருகிற பேச்சே கணக்கைப் போட்டு முடித்துவிடும். என் மகளுக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு கடைக்கு வருபவர்கள் இத்தனை பக்கம், இத்தனை காப்பி என்றதும் எனக்கு முன்னால் அவளே தொகையைச் சொல்லத் தொடங்கினாள். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

மொழி ஒரு தடையே இல்லை. முந்தின இரவு பாடத்தைப் பார்த்து எண்களை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், கதையை உங்கள் தமிழில் சொல்லுங்கள். ஆப்பிள் கொய்யாவாகட்டும், சென்ட் ரூபாயாகட்டும். எண்களை மட்டும் முடிந்தவரை அப்படியே விடுங்கள், அவை எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக வைத்தவை.

அளவுகளும் அப்படித்தான். 8 குவார்ட் ஒரு பெக், 4 பெக் ஒரு புஷல். நம் பக்கம் 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். குவார்ட்டும் பெக்கும் வருகிற கணக்கில் படி, மரக்கால் என்று போட்டுவிட்டால் எண்ணைத் தொடவே வேண்டாம். புஷல் வந்தால்தான் மாற்ற வேண்டும். இந்த மாதிரிக் கணக்கை மொத்தமாகத் தள்ளியும் விடாதீர்கள். பத்துப் பத்தாகப் போகாத அளவில் கடன் வாங்கிக் கழித்துப் பழகிய பிள்ளைக்கு மணி, நிமிடக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு.

மாமியாரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. அதற்குப் பிறகும் நாலணா, எட்டணா என்ற பேச்சு வெகுகாலம் போகவில்லை, அவரும் அப்படிப் பேசியவராகத்தான் இருப்பார். எட்டணா அரை ரூபாய், நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். பதினாறைப் பாதி பாதியாக ஒன்று வரைக்கும் கொண்டுபோகலாம், நூறு இருபத்தைந்திலேயே நின்றுவிடும். பின்னம் சொல்லித் தர இதைவிட நல்ல நாணயம் கிடையாது. ஆசிரியர் ஐயா சொன்ன வட்டப்படத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பாட்டியோடு அணாவில் வியாபாரம் பேசிவிட்டு அந்தப் படத்துக்கு வந்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

பரப்பளவுப் பாடம் வந்தபோது எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தேன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வழக்கம், எங்கள் ஊரில் நிலத்தை ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று எழுதுவார்கள். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். நூறு சென்டியார் ஒரு ஆர், நூறு ஆர் ஒரு ஹெக்டேர். வாய்ப்பேச்சில் குழி. 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி ஒரு குழி. குழியைச் சென்டியாராக மாற்றச் சொன்னால் தசமப் பெருக்கலுக்கு வேறு பயிற்சியே தேவைப்படாது. கடலூரில் உங்கள் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும், அதை எடுங்கள். காசைச் சொல்லும் சென்ட் வேறு, நிலத்து சென்ட் வேறு என்று பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சில இடங்களில் கவனம் வேண்டும். அமெரிக்கப் புத்தகத்தில் எண்களுக்கு மூன்று மூன்று இலக்கமாகக் கால்புள்ளி வைத்திருப்பார்கள். நம் பிள்ளைக்கு ஆயிரம், லட்சம், கோடிதான் முதலில் படிய வேண்டும், எனவே பெரிய எண்களை நீங்களே திருத்தி எழுதிக் கொடுங்கள். பிற்பாடு இங்கிலாந்துப் புத்தகங்களுக்குப் போனால் தசமப் புள்ளி வரியின் நடு உயரத்தில் நிற்கும், அதைப் பெருக்கல் குறி என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஆர்க்கைவில் எழுத்து வடிவக் கோப்பை இறக்காதீர்கள், கணினி படித்ததில் பின்னங்கள் எல்லாம் சிதைந்து கிடக்கும். ஸ்கேன் செய்த பக்கங்கள் உள்ள பி.டி.எஃப்.தான் வேண்டும். மேல்நிலைப் புத்தகத்தில் தரகு, காப்பீடு, கடன் பத்திர வட்டி என்று வணிகக் கணக்கு நிறைய வரும். அந்தக் காலத்தில் பள்ளி முடித்து நேரே கடைக்கணக்கு எழுதப் போனவர்களுக்காக வைத்தது. உங்கள் பையனுக்கு அதில் பாதி வேண்டாம்.

குறை எண்கள், தரவு, வரைபடம், நிகழ்தகவு இவற்றுக்கெல்லாம் ஐயா சொன்ன நூல்களுக்குத்தான் போக வேண்டும். நானும் ஆறாம் வகுப்பு அளவிலிருந்து என்.சி.இ.ஆர்.டி.யைச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில், தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையோடு எதிரெதிரே உட்கார்ந்து வாயால் கணக்குப் பேச, இந்தப் பழைய புத்தகத்தைப் போல வரிசையாகக் கேள்வி அடுக்கித் தந்த ஒன்று எனக்கு வேறு கிடைக்கவில்லை.

பண்ருட்டி பலாக்காரர்:

பைண்டிங் அண்ணன் சொல்வதோடு நம்முடைய பழைய கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையின் எண்ணிக்கை சொல்ல ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். சீசனில் என் தங்கை பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு பழத்துக்கும் முதலில் கணக்குப் போடச் சொல்லி, வெட்டியதும் சுளையை எண்ணச் சொன்னேன். சில பழத்துக்குக் கிட்டே வந்தது, சில பழத்துக்கு எங்கேயோ போனது. எந்த முள்ளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்று ஒரே சண்டை. பழம்பாடலில் சொன்ன விதியைப் பழத்தை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று அவர்களாகவே பேசிக்கொண்டதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

எண்சுவடியும் பார்க்க வேண்டியது. திண்ணைப் பள்ளிகளில் முந்திரி, காணி, மா என்று பின்ன வாய்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் படித்த சுவடி அது. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள், காசு கிடையாது.

மஞ்சக்குப்பம் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. அணாக் கணக்கை மாமியாரிடம் சொன்னதும் அவரே பையனைக் கூப்பிட்டு, கால், அரைக்கால், வீசம் என்று ஆரம்பித்துவிட்டார். இன்னும் இரண்டு கேள்வி. ஆறு வயது மகளுக்கு எந்தப் புத்தகம்? தேர்வு, பிரிண்ட் இரண்டுக்கும் என்ன வழி, அண்ணா?

முத்தியால்பேட்டை பைண்டிங்:

சின்னவளுக்கு இப்போதைக்குப் புத்தகமே வேண்டாம், தங்கச்சி. புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும். பத்துக்குள் எந்த எண்ணைச் சொன்னாலும், அதை எப்படியெல்லாம் இரண்டாகப் பிரிக்கலாம் என்று தடுமாறாமல் சொல்லட்டும். அதன் பிறகு ரேயின் முதல் புத்தகத்தை எடுங்கள்.

தேர்வுக்கு நாங்கள் நினைத்திருப்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அங்கே பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குச் சமமான அடிப்படைக் கல்வி நிலைகளும் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேல் அவர்களுடைய பாடப்புத்தகத்துக்கு முழுசாக மாறிவிடுங்கள். தேர்வில் கேட்பது அதிலிருந்துதான்.

பிரிண்ட் எடுப்பதில் உரிமைச் சிக்கல் இல்லை. ரே 1855-லேயே இறந்துவிட்டார் (உங்கள் 1877 பதிப்பு அவருக்குப் பின் திருத்தி வந்தது), நம் சட்டப்படி நூலாசிரியர் இறந்து 60 ஆண்டு ஆனால் உரிமை முடிந்துவிடும். ஆனால் இப்போதைய கம்பெனிகள் அதற்கென்று புதிதாக எழுதி விற்கும் பயிற்சி நூல்களுக்கு இது பொருந்தாது, அவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பழைய புத்தகத்தின் பக்கம் சின்னது. ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து ஒரு பக்கத்துக்கு இரண்டாகப் போட்டால் எழுத்து நன்றாகவே தெரியும், செலவும் பாதி. ஸ்கேனில் ஓரத்துக் கறுப்பு அப்படியே விழும், கடையில் சொன்னால் வெட்டிவிட்டு எடுப்பார்கள், மையும் மிச்சம். முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாக எடுக்காமல் நடத்தப்போகும் பாடங்களை மட்டும் எடுத்து, மூலையில் ஸ்டேப்ளர் போடுங்கள். ஸ்பைரலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். விடைகள் தனிப் புத்தகமாக இருக்கும், அதையும் ஆர்க்கைவில் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பி.காமுக்கு அது தேவைப்படாது, ஆனால் இரவு பத்து மணிக்கு அடுத்த நாள் பாடத்தைப் பார்க்கும்போது உதவும்.