பிடிச்சது யாரு? மஞ்சள் ஸ்டிக்கர்காரிக்கு மிஸ்ஸி எதுக்காம்!

செந்தூல்_நித்யா | செவ்வாய், இரவு 9.14

பத்தியச் சமையல் திரியில போன வாரம் ஒருத்தங்க எழுதினாங்க: "மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின பிறகும் மிஸ்ஸிதான் வேணும்னு அழறதெல்லாம் கொழுப்பு. எங்க போனாலும் கடைசியில பிள்ளையைப் பிடிக்கப்போறது மிஸ்ஸிதான். அப்புறம் எதை இழந்துட்டீங்க?" புதுசா வர்றவங்களுக்கு: மிஸ்ஸின்னா நர்ஸ். மஞ்சள் ஸ்டிக்கர்னா ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் பார்க்க வேண்டிய கர்ப்பம்னு புத்தகத்துல ஒட்டற அடையாளம். அந்தப் பேச்சு ஏழு நாளா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. அங்கேயே பதில் சொன்னா சுறாப்புட்டுக்கு நடுவுல காணாமப் போயிடும். அதான் தனித் திரி.

எனக்கு 33 வயசு, ரெண்டாவது பிள்ளை, இப்ப 32 வாரம். மூத்தவன் சிசேரியன். தழும்பு இருக்கறதால, மிஸ்ஸிங்களே பிரசவம் பார்க்கற குறைந்த ஆபத்துப் பிரசவ மையம் கிடையாதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க, சரின்னுட்டேன். ஆனா கிளினிக்ல ஒன்பதாவது வாரத்திலேர்ந்து ஒரே மலாய் மிஸ்ஸிதான் என்னைப் பார்த்தாங்க. "அடெக்"னுதான் கூப்பிடுவாங்க, தங்கச்சின்னு அர்த்தம். மூத்தவன் பிறந்தப்ப நான் பட்ட பயமெல்லாம் அவங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்ல வேண்டியதில்லை. 26வது வாரம் சர்க்கரை டெஸ்ட்டுக்குச் சீனித்தண்ணி குடிச்சேன், 75 கிராம். வெறும் வயித்துல 5.6, ரெண்டு மணி நேரம் கழிச்சு 9.3. நம்ம மலேசியாவுல மில்லிமோல் கணக்குல வெறும் வயித்துல 5.1, இல்லேன்னா ரெண்டு மணி நேரத்துல 7.8 தொட்டாலே கர்ப்பச் சர்க்கரைதான். சாப்பாட்டுல அடங்கலை, இன்சுலின் போட்டாங்க. அன்னைக்கு அந்த மிஸ்ஸி என் ரோஸ் கலர் கர்ப்பப் புத்தகத்துல இருந்த பச்சை ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினாங்க. முழுசா வரலை. அது மேலேயே மஞ்சளை ஒட்டிட்டாங்க. ஒரு ஓரத்துல இன்னும் பச்சை தெரியுது. "இனிமே ஸ்பெஷலிஸ்ட் பார்ப்பாங்க, அடெக்"னு சொல்லிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாங்க.

இப்ப ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர். ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து கதை சொல்லணும். மறுத்தது தப்புன்னு நான் சொல்லவே இல்லை. இன்சுலின் போடறவளுக்கு டாக்டர் வேணும், தெரியும். ஆனா வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். இதை எப்படித் தாண்டி வந்தீங்கன்னு கேக்கறேன். "எதை இழந்தீங்க"ன்னு யாரும் கேக்காதீங்க.

பிறை_அக்கா | 9.31

அந்த "ஒருத்தங்க" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம் தங்கச்சி, ரயிலேறி வந்து அடிக்க மாட்டேன்.

மூணு பெத்தவ நான். முதல்ல சிசேரியன், அடுத்த ரெண்டும் சுகப்பிரசவம். ரெண்டாவதுக்கு எனக்கும் தழும்பு, எனக்கும் சர்க்கரை, எனக்கும் மஞ்சள். ஸ்பெஷலிஸ்ட்தான் பார்த்தார். வலி வந்தது விடியக்காலம் 3 மணிக்கு, டாக்டர் அடுத்த ரூம்ல. பிடிச்சது யாரு? மிஸ்ஸி. கொடியை வெட்டினது யாரு? மிஸ்ஸி. "தெரான், தெரான்"னு, முக்கு முக்குன்னு, காதுகிட்ட கத்தினது யாரு? மிஸ்ஸி. டாக்டர் வந்து க்ளவுஸ் மாட்டறதுக்குள்ள என் பையன் அழுதுட்டான். இதுல எனக்கு என்ன மறுத்தாங்க?

பங்சார்_வாணி | 9.44

அக்கா, பிடிக்கறது அஞ்சு நிமிஷம். நித்யா பேசறது ஒன்பது மாசம். தெரிஞ்ச முகம் ஒண்ணு கூடவே வரணும்னு கேக்கறாங்க.

என் தங்கச்சி இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கா. அவளுக்கு பி.எம்.ஐ., அதான் உயரத்துக்கு எடை பார்க்கற கணக்கு, 36. அங்க 35 தாண்டினா மருத்துவச்சி மையத்துக்குப் போகாதே, டாக்டர் இருக்கற இடத்துல பெத்துக்கோன்னுதான் சொல்றாங்க. இவளும் அழுதா. அப்புறம் யாரோ சொல்லி, மூத்த மருத்துவச்சி ஒருத்தங்களைப் பார்க்க நேரம் கேட்டா. அவங்க ஒரு மணி நேரம் உக்காந்து பேசி, எது முடியும் எது முடியாதுன்னு ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்தாங்க. பெத்தது டாக்டர் வார்டுலதான். ஆனா அந்த ஒரு பக்கம் கையில இருந்ததால தைரியமா போனேன்னு சொல்றா. நித்யா, நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்க, மலாய்லயே எழுதுங்க. முதல் பிரசவத்துல எது பயமுறுத்தினது, உள்ளே கை விட்டுப் பார்க்கறதுக்கு முன்னாடி சொல்லணும், புருஷன் கூட இருக்கலாமா, இவ்வளவு போதும். யாரு வந்தாலும் கதையை முதல்லேர்ந்து சொல்ல வேண்டாம், பேப்பரை நீட்டலாம்.

பிறை_அக்கா | 9.50

லெஸ்டர்ல பிடிச்சது யாரு? அதைச் சொல்லலையே.

பங்சார்_வாணி | 9.52

மருத்துவச்சிதான். அதுக்கு என்ன இப்ப?

பிறை_அக்கா | 9.53

அதான்.

தமிழ்க்காவல்_ஆசான் | 10.05

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "ஸ்டிக்கர்" அன்று, ஒட்டுவில்லை. "மிஸ்ஸி" அன்று, தாதி. பிரசவம் பார்ப்பவர் மருத்துவச்சி. மூன்றையும் குழப்பிக்கொண்டு விவாதித்தால் விடியும்வரை விடை கிடைக்காது. முதலில் யாரை எந்தச் சொல்லால் குறிக்கிறோம் என்று வரையறுத்துக்கொள்வோம்.

ஜெலுத்தோங்_மீனா | 10.09

சார், இடுப்பு வலி வந்தவ "தாதியே வருக"ன்னா கூப்பிடுவா? போங்க சார்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | 10.26

ஆசிரியர் சொன்னதில் நியாயம் உண்டு. 31 வருடம் வேலை செய்தவள், அதில் பாதி தோட்டப்புறத்தில். நம் நாட்டில் பிரசவம் பார்ப்பதற்கென்றே 1966இல் தனிச்சட்டம் வந்தது. நான் வேலை செய்த காலத்தில் தாதிப் படிப்பு மட்டும் போதாது, அதற்குத் தனிப் பயிற்சி, தனிப் பதிவு இருந்தது. ஊசி போடுகிற எல்லாரும் மருத்துவச்சி இல்லை.

நிறம் என்பது தண்டனை இல்லை, மகளே. வெள்ளை என்றால் நாங்களே பார்ப்போம். பச்சை என்றால் கிளினிக் டாக்டரும் நாங்களும். மஞ்சள் என்றால் ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு அது நடக்கிறது. ஆனால் 200இல் ஒருவருக்குக் கர்ப்பப்பையில் பழைய தையல் விட்டுப்போகலாம். விட்டால் நிமிடக் கணக்கு. ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் பக்கத்தில் இல்லாத இடத்தில் அந்த ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? 1991 முதல் இங்கே தாய் இறப்பு ஒவ்வொன்றையும் பெயரை மறைத்துவிட்டு அலசுகிறார்கள். எங்கே தாமதம், யார் பார்க்கத் தவறினார்கள் என்று. அந்தக் காகிதங்களைப் படித்தவர்கள் மஞ்சளை லேசாக எடுக்க மாட்டார்கள்.

பிறை_அக்கா | 10.33

200ல ஒண்ணு. மீதி 199ஐப் பிடிச்சது யாரு மிஸ்ஸி? நீங்களே சொல்லுங்க, உங்க ஆளுங்கதானே!

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | 10.36

நான் சொல்ல வந்தது அது இல்லை.

பிறை_அக்கா | 10.37

ஆனா பிடிச்சது நீங்கதான்.

தரவு_தம்பி | 11.02

பல மருத்துவ ஆய்வைச் சேர்த்துப் பார்க்கற காக்ரேன் தொகுப்பு 2016ல வந்தது, 15 ஆய்வு, 17,674 பெண்கள். தெரிஞ்ச மருத்துவச்சி ஆரம்பத்திலேர்ந்து கூட வந்தா, ஆயுதம் போட்டு எடுக்கறதும் குறை மாசப் பிரசவமும் குறைஞ்சதுன்னு அதுல வந்தது. 2013ல லான்செட் மருத்துவ இதழ்ல ஆஸ்திரேலியாவுல 1,748 பேரை வச்சு ஒண்ணு, அதுல ஆபத்து கூடினவங்களும் சேர்த்தி. அவங்களுக்கு டாக்டரும் பார்த்தார், மருத்துவச்சியும் விடலை. சிசேரியன் கணக்குல பெரிய வித்தியாசம் இல்லை, ஆனா பாதுகாப்பா இருந்தது, செலவும் குறைஞ்சது. ஆக "டாக்டரா மிஸ்ஸியா"ங்கற கேள்வியே தப்பு. ரெண்டு பேரும் இருக்கலாம். நித்யா அக்கா இழந்தது அந்த ரெண்டாவது ஆள்.

பிறை_அக்கா | 11.08

தம்பி, அந்த 17,674ல பினாங்குப் பிறை இருக்கா? கோலாலம்பூர் செந்தூல் இருக்கா? கங்காருவை எண்ணிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதே. கல்யாணம் ஆச்சா உனக்கு?

தரவு_தம்பி | 11.10

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பிறை_அக்கா | 11.11

ஆகலை. தெரியுது.

செகம்புட்_மாப்பிள்ளை | 11.20

நான் ஒண்ணு சொல்லலாமா? என் மனைவிக்கு பிரஷர், கடைசி மாசம் சிவப்பு. ஓர் ஆஸ்பத்திரியில என்னை உள்ளேயே விடலை. ஆறு மணி நேரம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில, கையில அவ செருப்பு. எனக்கும் அது ஒரு இழப்புதான்.

பிறை_அக்கா | 11.24

உள்ள விட்டிருந்தா நீங்க மயங்கி விழுந்து, உங்களைப் பிடிக்க இன்னொரு மிஸ்ஸி வேணும்.

ஜெலுத்தோங்_மீனா | 11.47

பிடிச்சது, பிடிச்சதுன்னு பிடிவாதமா நிக்கறீங்களே பிறை அக்கா, பொறுமையா பழைய திரியைத் தேடி எடுத்தேன். போன தீபாவளி சமயம் நீங்களே எழுதினது: "என் ரெண்டாவதை டாக்டரே வந்து பிடிச்சார், தையல் சேலை பார்டர் மாதிரி நேரா போட்டார்." இப்ப டாக்டர் க்ளவுஸே மாட்டலையாம். எது உண்மை?

பங்சார்_வாணி | 11.49

அடடே.

பிறை_அக்கா | 11.58

மீனா, அந்தப் பழைய விஷயத்தை இன்னும் மனசுல வச்சிருக்கீங்கன்னு தெரியும். பிள்ளை பெத்த உங்க அண்ணியைப் பார்த்துக்க நான் சொன்ன பத்திய ஆயா பாதியில போனதுக்கு நான் என்ன பண்ண முடியும்? தையல் போட்டது டாக்டர். பிடிச்சது மிஸ்ஸி. தீபாவளி சமயம் முறுக்கு சுட்டுக்கிட்டே எழுதினேன், மாறிப் போச்சு.

ஜெலுத்தோங்_மீனா | புதன், காலை 7.15

பன்னிரண்டாம் நாள் போனாங்க, முழுப் பணத்தையும் வாங்கிட்டு. பூண்டுகூட உரிக்கலை. அது வேற கதை. முறுக்கு சுட்டா பெத்த கதை மாறுமா?

தமிழ்க்காவல்_ஆசான் | காலை 7.40

"பத்திய ஆயா" என்பதும் ஆய்வுக்குரியது.

பிறை_அக்கா | காலை 8.02

சரி, எல்லாரும் கேளுங்க. முதல் பிள்ளை சிசேரியன்னதும் என் மாமியார் ஊரெல்லாம் சொன்னது, "இவ பெக்கலை, அறுத்து எடுத்தாங்க." ரெண்டு வருஷம். வெத்தலை மடிக்கும்போதுகூடச் சொல்லும். ரெண்டாவது அன்னைக்கு அந்த மிஸ்ஸி, மலாய்க்காரிதான், பிள்ளையைத் தூக்கி என் நெஞ்சு மேல வச்சு "அவாக் புவாட் செண்டிரி"ன்னா. நீயே பண்ணினன்னு அர்த்தம். டாக்டர் சொல்லலை, அவ சொன்னா. அவ பேரு தெரியாது, அதுக்கு முன்ன பார்த்ததும் இல்லை. ஒன்பது மாசப் பழக்கம் இல்லாமலேதான் அதைச் சொன்னா. அதனாலதான் சொல்றேன், மஞ்சள் ஒட்டினதால ஒண்ணும் போகலை. பிடிக்கறவ வருவா.

பங்சார்_வாணி | காலை 8.20

அக்கா, உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. எல்லாருக்கும் அந்த ராத்திரி டியூட்டியில அந்த மிஸ்ஸி இருப்பாங்களா?

பிறை_அக்கா | காலை 8.22

இருப்பாங்க. பினாங்குல இருப்பாங்க. கோலாலம்பூர்ல வேணும்னா நீங்க ஒரு பக்கம் எழுதி, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறையில வச்சுக் கொடுக்கணும் போல.

செகம்புட்_மாப்பிள்ளை | காலை 8.31

கோலாலம்பூரை ஏன் இழுக்கறீங்க?

ஜெலுத்தோங்_மீனா | காலை 8.33

பிறை பினாங்குத் தீவுலயே இல்லை, முதல்ல அதைச் சொல்லுங்க.

பிறை_அக்கா | காலை 8.34

பினாங்கு மாநிலம்தான்! மேப்பைப் பாருங்க!

செந்தூல்_நித்யா | வியாழன், மதியம் 2.10

இன்னைக்கு செக்கப் முடிஞ்சுது. வாணி சொன்னபடி ஒரு பக்கம் எழுதிட்டுப் போனேன். புது டாக்டர், சின்னப் பொண்ணு. ரெண்டு தடவை படிச்சா. "இதை ஃபைல்ல குத்தி வைக்கலாமா"ன்னு கேட்டா. அவ்வளவுதான், பெரிசா ஒண்ணும் இல்லை. ஆனா இந்தத் தடவை வீட்டுக்கு வந்து அழலை.

வர்ற வழியில பழைய கிளினிக்ல மருந்துச் சீட்டு வாங்க இறங்கினேன். அந்த மிஸ்ஸி கவுண்டர்ல இருந்தாங்க. புத்தகத்தை வாங்கி, அந்தப் பச்சை ஓரத்தைக் கட்டை விரலால தடவிப் பார்த்துட்டு, பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்ததும் என் ஏரியாவுக்கு அவங்கதான் வருவாங்கன்னு சொன்னாங்க. தொப்புள் பார்க்க, தையல் பார்க்க. எனக்கு அது ஞாபகமே வரலை, பாருங்க.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | மதியம் 2.25

முதல் நாலு நாளும் தொடர்ந்து வருவாங்க, மகளே. நாய் இருந்தா கட்டி வைக்கச் சொல்லுங்க. நான் மூணு தடவை கடி வாங்கினவள்.

பிறை_அக்கா | மதியம் 2.31

வீட்டுக்கு வர்றது சரி. பெக்கறப்ப பிடிக்கப்போறது யாரு?

ஜெலுத்தோங்_மீனா | மதியம் 2.33

உங்க ரெண்டாவதைப் பிடிச்சது யாருன்னே இன்னும் முடியலை, அக்கா.

பிறை_அக்கா | மதியம் 2.40

மிஸ்ஸிதான். பிறப்புப் பேப்பர்ல கையெழுத்து இருக்கு. அலமாரிச் சாவி அவர்கிட்ட இருக்கு, ராத்திரி வந்ததும் எடுத்துப் படம் போடறேன்.

ஜெலுத்தோங்_மீனா | மதியம் 2.41

தீபாவளிக்கும் இதேதான் சொன்னீங்க.