முதிரைத் தக்கிளி ஆடுகிறது, பருத்தி நூல் அறுகிறது: உதவி தேவை

கேள்வி (மாங்குளம்)
வணக்கம். வீட்டுப் பழைய கதவு நிலையில் மிஞ்சிய முதிரை மரத் துண்டைக் கடைவித்து, கையால் நூல் நூற்க ஒரு தக்கிளி செய்வித்தேன். தண்டில் கோக்கும் வட்டு 6 சென்ரிமீற்றர் அகலம், ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பு. தண்டு, வளவில் வெட்டிய வேப்பங்கிளை. எல்லாமாக 50 கிராம் வரும். தொங்கவிட்டுச் சுழற்றினால் தலை ஆடுகிறது. ஒரு முழம் இறங்குவதற்குள் நூல் அறுந்து நிலத்தில் விழுகிறது. பஞ்சு நல்ல பருத்திதான், கொட்டை எடுத்துக் கையால் பன்னியது. தையலை விட்டு இதைப் பழகவேண்டும் என்று பெரிய விருப்பம் எனக்கு. எங்கே பிழை?

பதில் (புதுக்குடியிருப்பு)
தங்கச்சி, ஆட்டத்துக்குத் தண்டைத்தான் முதலில் பாருங்கள். பச்சையாக வெட்டிய கிளை சோளகக் காற்றில் காயும்போது கட்டாயம் வளையும். வட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைவுதான். பனஞ்சலாகையில் புதிய தண்டு சீவலாம், நேராக நிற்கும். ஆனால் சிராய் நூலில் பிடிக்கும், அரத்தாளால் நன்றாக மினுக்கவேண்டும்.

கதவு நிலை முதிரை எப்போதோ காய்ந்த மரம், அது நெளியாது. துளை நடுவில்தானா என்று மட்டும் பாருங்கள். வட்டைத் திரும்பக் கோத்து, இரண்டு கிளாஸ் விளிம்புகளில் தண்டைப் படுக்கவைத்தால் பாரமான பக்கம் எப்போதும் கீழே வரும். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தேயுங்கள். அப்புறம் தண்டின் தலையில் நூலை மாட்டும் கொளுக்கி. நூல் தொங்கும் இடம் தண்டின் நடுவுக்கு நேர் மேலே இருக்கவேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஆடும்.

பதில் (வவுனியா)
அண்ணா சொன்னது ஆட்டத்துக்குச் சரி. நூல் அறுவதற்குக் காரணம் பாரம். பருத்தி இழை இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர்தான். முறுக்கு ஏறும் முன்னே 50 கிராமைத் தொங்கவிட்டால் இழைகள் வழுகிப் பிரிந்துவிடும். நீள இழையுள்ள கம்பளிக்குத்தான் அந்தப் பாரம் தாங்கும். 1927இல் காந்தி கதருக்கு நிதி சேர்க்க யாழ்ப்பாணம் வந்தார் அல்லவா, அந்த இயக்கத்தார் நூற்ற தக்கிளியில் வட்டு ஒரு சின்னப் பித்தளைத் தகடுதான்.

தங்கச்சி, 5 சென்ரிமீற்றர் அகலம், அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் இன்னொரு வட்டுக் கடையுங்கள். முதிரையிலேயே 10 கிராமுக்குள் வரும். தொங்கவிடாமல் தண்டு நுனியைச் சிரட்டைக்குள் ஊன்றிப் பம்பரம்போலச் சுழற்றுங்கள். பாரம் நூலில் இறங்காது. இப்போதுள்ள பெரிய வட்டைச் செதுக்கிவிடாதீர்கள். நூற்ற இரண்டு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க அதைப்போல நல்லது கிடையாது.

கேட்டவர்
நன்றி அண்ணா, நன்றி அக்கா. தண்டு வளைந்துதான் இருந்தது. சலாகைத் தண்டு போட்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. சிரட்டையில் ஊன்றினால் பெரிய வட்டிலும் நூல் நிற்கிறது! சின்ன வட்டுக்குப் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பதில் (புதுக்குடியிருப்பு)
வேண்டாம், அது காயாது, பஞ்சில் கறை ஏறும். வன்பொருள் கடையில் லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) வாங்கி மெல்லியதாகத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு நூலைச் சுற்றுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள், சுருட்டி வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம்.