கற்றரக்ட் (கண்புரை) சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீக்கத்துக்கு ஏன் ரெண்டு வகைத் துளி மருந்து?

வெள்ளவத்தை வாசி:
அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தம் இருக்கு. அடுத்த கிழமை கற்றரக்ட் ஒப்பரேஷன். மொக்ஸிஃப்ளொக்ஸசின் (கிருமிக்கு), நெபாஃபெனக் 0.1%, பிரெட்னிசொலோன் அசிற்றேற் 1% எழுதித் தந்திருக்கினம். கடைசி ரெண்டுமே வீக்கத்துக்காம். ஒன்று போதாதா? எந்த ஒழுங்கில விடுறது?

குமரன்:
சீனி வருத்தம் உள்ளவருக்கு ரெண்டும் வேணும். பிரெட்னிசொலோன் ஒரு ஸ்டீரொய்ட், அது வீக்கத்தைத் தொடங்கிற இடத்திலேயே அடக்கும். நெபாஃபெனக், வீக்கத்தைத் தூண்டுற புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் உருவாகிறதைத் தடுக்கும். பயப்பட வேண்டியது கண் சிவக்கிறதுக்கு இல்லை, விழித்திரையின் நடுவில் நீர் கோக்கிறதுக்கு. அது பெரும்பாலும் 4–6 கிழமைக்குப் பிறகு, கண் வெளியில நல்லாத் தெரியும்போதுதான் வரும். நெபாஃபெனக் வழமையா ஒப்பரேஷனுக்கு முதல் நாளே தொடங்கி, நாளுக்கு 3 தரம். சீனி உள்ளவருக்கு 60 நாள் வரை கூட நீட்டுவினம். ஸ்டீரொய்ட் பலருக்கு 4 தரத்தில தொடங்கி, கிழமைக்கு ஒன்றாய்க் குறையும். துண்டில வேறு கணக்கு இருந்தால் அதுதான் சரி.

பாமசி ரவி:
ஒழுங்கு: மொக்ஸி, நெபாஃபெனக், கடைசியா பிரெட்னிசொலோன். இடையில 5 நிமிஷம் விடுங்கோ. உடனே விட்டால் முதல் துளி கழுவிப் போகும். பின்னது ரெண்டும் கலங்கல் மருந்து. போத்தலை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, அடியில வெள்ளைப் படிவு தெரியும். குலுக்காட்டி ஆரம்பத்தில வெறும் தண்ணி மாதிரி, முடியிற நேரம் தடிச்ச மருந்து.

கீழ் இமையை இழுத்து ஒரே துளி. கண்ணே அதைத்தான் பிடிக்கும், ரெண்டாவது கன்னத்துக்குத்தான். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை 2 நிமிஷம் மெதுவா அழுத்தச் சொல்லுங்கோ. கண்ணை அழுத்தக் கூடாது. போத்தல் நுனி இமையில முட்டக் கூடாது. திறந்து 28 நாளானால் எறிஞ்சிடுங்கோ. கொழும்பு வெயிலில காருக்குள்ள விட்டு வைக்காதேங்கோ.

பாமசியில ‘பிரெட்னிசொலோன் அசிற்றேற் இல்லை, பிரெட்னிசொலோன் பொஸ்பேற் இருக்கு’ என்றால் டொக்டரைக் கேட்காமல் வாங்காதேங்கோ. பொஸ்பேற் கண்ணுக்குள்ள அவ்வளவு ஊடுருவாது.

சுதா:
நல்லா இருக்கு என்று ஸ்டீரொய்டை இடையில நிப்பாட்டினால் வீக்கம் திரும்பும். மிச்சம் இருக்கே என்று நீட்டினால் சிலருக்குக் கண் அமுக்கம் ஏறும், அது நோகாது. அதனால கிளினிக் திகதியைத் தவற விடாதேங்கோ. கண் வறட்சி, மூட்டுவாதம் இருந்தால் முதலே சொல்லுங்கோ. நெபாஃபெனக் நாட்கணக்கில போனால் அப்படிப்பட்ட கண்ணில கருவிழி மெலியலாம்.

முதல் கிழமையில நோவு கூடி, பார்வை மங்கினால் அது துளி கூட்டுற விஷயமில்லை. கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே ஒப்பரேஷன் செய்த இடத்துக்கோ தேசிய கண் வைத்தியசாலைக்கோ கூட்டிப் போங்கோ.